காலும் மிதிகட்டையும்

விடத்தல்தீவுக் கரைக்கு விடியற்புறத்தில் வள்ளங்கள் வந்து சேரும் வேளையில், அவற்றை எதிர்பார்த்து நிற்கும் கூட்டத்திலே சைக்கிள்களுக்கும் ஓர் இடமுண்டு. மீன் வியாபாரிகளிற் பலர் இன்று மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டனர். எனினும், பின் கரியரிலே பெட்டியைக் கட்டி, தராசை அதன்மேல் வைத்து, மிதித்துப் புறப்படுவோர் இன்னும் அற்றுப் போகவில்லை. அத்தகைய வண்டி ஒன்றின் மிதிகட்டையை, அதாவது பெடல் என்று எல்லாரும் வழங்கும் அந்தச் சிறு உறுப்பை, எவரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தால் அவ்வண்டி எத்தனை ஆண்டு உழைத்தது என்பதை அதுவே சொல்லிவிடும். முதலில் றப்பர் தேயும். பின்னர் ஒரு பக்கத்துக் கட்டை விழும். ஈற்றில் வெறும் அச்சுத் தண்டு மாத்திரம் எஞ்சும். அந்தத் தண்டை மிதித்தே ஆண்டுக் கணக்காக ஓடுவோரும் உளர்.

இவ்வண்டிகளுக்கு அருகிலேயே வேறொரு வகை வண்டியும் இப்பொழுது நிற்கின்றது. தடித்த ரயரும், கியரும், முன்சில்லின் மேலே அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பும் கொண்ட ‘மவுண்டன் சைக்கிள்’ அது. நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டிலே, சைக்கிளை மறந்திருந்த வீடுகளும் அதனைத் தேடின. வடபுலத்தார்க்கு அது புதிய பாடம் அன்று. 1990ஆம் ஆண்டின் பின்னர் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் சைக்கிளே பஸ், சைக்கிளே லொறி, நோயாளியை ஏற்றும் வண்டியும் அதுவே. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்விலே பலர் ஏறிச் செல்ல இடமின்றிப் பொதிகளை ஏற்றித் தள்ளிச் சென்றதும் சைக்கிளைத்தான். ஆகவே சைக்கிளைப் பற்றி இப்பகுதி மக்களுக்குப் பிறர் சொல்லிக் கொடுக்க வேண்டியது அதிகம் இல்லை. ஆனால் மிதிகட்டையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கின்றது. ஏனெனில், கியர் வண்டி வைத்திருக்கும் இளைஞர் கைத்தொலைபேசியில் வெளிநாட்டுப் பந்தயங்களைப் பார்க்கின்றனர். அங்கே ஓட்டுவோரின் சப்பாத்து மிதிகட்டையோடு ஒட்டியிருப்பதையும், மேடு பள்ளத்தில் வண்டி துள்ளும்போது காலும் கூடவே துள்ளுவதையும் காண்கின்றனர். அதை வாங்கிப் பூட்டினால் தாமும் அவ்வாறு ஓடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்த எண்ணத்தில் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்பதைக் காசு கொடுக்கும் முன்னர் அறிவது நல்லது.

இந்த மிதிகட்டைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே முதலில் ஒரு மயக்கத்தைத் தருகின்றது. ‘கிளிப்லெஸ்’ என்றால் கிளிப் இல்லாதது என்பது பொருள். ஆனால் சப்பாத்தைக் கொழுவிப் பிடிப்பதே அதன் தொழில். கொழுவுகின்ற ஒன்றுக்குக் கொழுவி இல்லாதது என்று பெயர் வந்தது எவ்வாறு? முற்காலத்துப் பந்தய வீரர் மிதிகட்டையின் முன்பக்கத்தில் ஓர் உலோகக் கூட்டைப் பூட்டி, அதனுள் கால்விரல்களை நுழைத்து, தோல் வாரினால் இறுக்கிக் கட்டிக்கொள்வர். அந்த விரற்கூட்டுக்கே கிளிப் என்று பெயர். பின்னர் வந்த மிதிகட்டைக்கு அந்தக் கூடு வேண்டியதில்லை. ஆதலின் அது கூடில்லாத மிதிகட்டை ஆயிற்று. கூடு போனது, கொழுவுதல் இருந்தது. இங்கே அதனைக் கொழுவு மிதி என்றே வழங்கலாம். மற்றையதைத் தட்டை மிதி என்க.

எண்ணம் புதியதன்று. 1895ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ஹான்சன் என்பவர் இவ்வகை மிதிகட்டை ஒன்றை ஆக்கினார். ஆனால் உலகம் அதைக் கவனிக்கத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. பனிச்சறுக்குக் கட்டைகளோடு சப்பாத்தைப் பிணைக்கும் கருவிகளைச் செய்து வந்த ‘லுக்’ என்னும் பிரெஞ்சு நிறுவனம், அதே தத்துவத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்து 1984ஆம் ஆண்டில் வெளியிட்டது. பனியில் விழுபவரின் கால் முறியாதிருக்க, சப்பாத்துத் தானாகக் கழன்றுவிட வேண்டும் அல்லவா? அந்த அறிவே இங்கும் பயன்பட்டது. மறு ஆண்டு, 1985இல், பேர்னார் ஹினோ அந்த மிதிகட்டையோடு பிரான்சுச் சுற்றோட்டப் பந்தயத்தில் வென்றார். அதன்பின் விரற்கூடும் தோல்வாரும் பந்தயங்களிலிருந்து விரைவில் மறைந்தன. எனினும் லுக் மிதிகட்டைக்கு உரிய சப்பாத்தோடு பத்தடி நடப்பதும் சிரமம். அடியிலே புடைத்து நிற்கும் துண்டு தரையில் வழுக்கும். மண்ணிலும் கல்லிலும் இறங்கி நடக்க வேண்டிய மலைவண்டிக்காரருக்கு அது உதவாது. 1990ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமான ஷிமானோ, இந்தத் துண்டைச் சிறிதாக்கி, சப்பாத்தின் அடியில் ஒரு பள்ளத்துள் புதைத்து வைத்தது. எஸ்.பி.டி. என்ற மூன்றெழுத்தால் அறியப்படும் அமைப்பு அதுவே. மலைவண்டிக்குக் கொழுவு மிதி வந்த கதை அவ்வளவுதான்.

அது வேலை செய்யும் முறை எளிது. சப்பாத்தின் அடியில் இரண்டு திருகாணிகளால் ஓர் இரும்புத் துண்டு பூட்டப்பட்டிருக்கும். அதற்குக் கிளீற் என்று பெயர். மிதிகட்டையிலே ஸ்பிரிங்கினால் இழுபட்டு நிற்கும் இரண்டு பற்கள் உள. கிளீற்றின் மூக்கை முன்பல்லுக்குள் செருகி, குதிக்காலைக் கீழே அழுத்தினால், பின்பல் விலகி மீண்டும் பற்றிக்கொள்ளும். ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்கும். கழற்றுவதற்குக் காலை மேலே இழுத்துப் பயனில்லை. குதிக்காலை வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். மேலே இழுத்தால் கழலாது, பக்கமாகத் திருப்பினாற் கழலும் என்பதே இக்கருவியின் முழு இரகசியமும். இதைப் பழகுவோர் விழுவதற்குக் காரணமும் அதுவே.

இக்கருவியை விற்போர் கூறும் முதற் பெருமை ஒன்றை நிறுத்துப் பார்க்க வேண்டும். தட்டை மிதியில் காலால் அழுத்த மாத்திரம் முடியும். கொழுவு மிதியிலோ மேலேயும் இழுக்கலாம். ஆகவே வலு இரட்டிக்கும் என்பர். மிதிகட்டை சுற்றும் வட்டத்தைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், கால் தரும் வலுவிற் பெரும்பங்கு 1 மணிக்கும் 5 மணிக்கும் இடையிலேயே பிறக்கின்றது. 6 மணியிலிருந்து 12 மணிக்கு ஏறும் பாதியில், பயின்ற வீரர் காலும் மிதிகட்டையை மேலே இழுப்பதில்லை. தன் பாரத்தை ஓரளவு குறைத்துக்கொள்கின்றது, அவ்வளவே. எஞ்சிய பாரத்தை மற்றைக் கால் தூக்கிக் கொடுக்கின்றது. ஆய்வுகூடங்களிலே சீரான வேகத்தில் ஓடவிட்டு, மூச்சில் உட்கொள்ளும் ஒட்சிசனை அளந்து பார்த்தபோது, தட்டை மிதிக்கும் கொழுவு மிதிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. வேண்டுமென்றே மேலே இழுத்து ஓட்டியவர்க்கு உடற்செலவு கூடியதேயன்றிக் குறையவில்லை. பந்தயத்தின் கடைசி நூறு யார் போலச் சில விநாடிகள் முழு மூச்சாகப் பாயும்போது கொழுவியிருக்கும் கால் மேலதிக வலுவைத் தருவது உண்மை. ஆனால் பாடசாலைக்கும் சந்தைக்கும் போகிறவர் நாள்தோறும் அவ்வாறு பாய்வதில்லை.

அப்படியாயின் இதனால் ஆகும் நன்மை யாது? கால் நழுவாது என்பதே. கரடுமுரடான நிலத்தில் வண்டி குலுங்கும்போது பாதம் மிதிகட்டையை விட்டு எழும்பிவிடும். மீண்டும் இடம் தேடி வைக்க வேண்டும். தவறினால் மிதிகட்டை சுழன்று வந்து கணைக்காலில் அடிக்கும். கொழுவிய பாதம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். மணித்தியாலக் கணக்காக ஓடும்போது பாதத்தைப் பற்றிய நினைப்பே எழுவதில்லை. அந்த நிம்மதி சிறியதொன்றன்று. விடத்தல்தீவிலிருந்து மன்னாருக்குச் சைக்கிளில் சென்றவர் இதை உணர்வர். வழி தென்மேற்கு நோக்கிச் செல்கின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகமும் தென்மேற்கிலிருந்தே வருகின்றது. மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வந்து, திரும்பும் வழியில் முகத்தில் அறையும். மன்னார்த் தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகளை நிறுத்தி மின்சாரம் எடுக்கின்றார்கள் என்றால், அக்காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதிப்பவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தள்ளாடியைத் தாண்டி, 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலத்தை நோக்கிக் கடலுக்கு நடுவே செல்லும் பாதையில், ஒதுங்க ஒரு மரமும் இல்லை. இத்தகைய நீண்ட, இடைவிடாத மிதிப்புக்குக் கொழுவு மிதி பொருத்தமானது. பந்தயத்துக்குப் பயிலும் இளைஞன் அவ்வழியிலே அதைப் பயன்படுத்துவானாயின் குறை கூற இடமில்லை.

ஆனால் ‘மலைவண்டி’ என்று வாங்கியதைத் தார் வீதியில் மாத்திரம் ஓட்டுவதில் இளைஞர்க்கு மனம் நிறைவதில்லை. மன்னார் மாவட்டத்தில் மலை எங்கே என்று கேட்கலாம். மேடு என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் குளக்கட்டுத்தான். கட்டுக்கரைக் குளத்தின் அணைமேல் ஏறினால் இப்பகுதிப் பிள்ளைக்கு அதுவே சிகரம். வீதியை விட்டு இறங்கினால் வேறு வகைச் சோதனைகள் காத்திருக்கின்றன. வயல் வரம்பு; மாட்டுத் தடம்; கண்டற் காட்டின் ஓரத்து உவர்நிலம்; கடற்கரைப் பக்கத்து மணல். ஊருக்குப் பெயர் தந்த விடத்தல் மரமே முள்மரம். அதன் முள்ளும் உடைமுள்ளும் ரியூப்பை என்ன செய்யும் என்பதைக் காற்றடிக்கும் பம்பு அறியும்.

இவற்றுள் மிதிகட்டையைப் பொறுத்தவரை மணலே பெரிய பகை. கல்லும் வேரும் கண்ணுக்குத் தெரியும். ஓட்டுபவர் முன்னதாகவே காலைத் தயார் செய்துகொள்வார். மணல் அவ்வாறன்று. இறுகிய தடத்தில் நன்றாக ஓடி வந்த முன்சில்லு, ஒரு சாண் ஆழமான பொருக்கு மணலுள் திடீரெனப் புதைந்து நிற்கும். வேகம் இருக்கும்வரை வண்டியைச் சாயாமற் காப்பது அந்த வேகமே. அது அற்றவுடன் சாய்வுக்கும் வீழ்வுக்கும் இடையில் கிடைப்பது ஒரு விநாடிக்கும் குறைந்த நேரம். தட்டை மிதியில் கால் தானாகவே தரையைத் தேடிச் செல்லும். கொழுவு மிதியில் அந்த விநாடிக்குள் குதிக்காலைத் திருப்ப நினைவு வரவேண்டும். பழகாத கால் பழைய வழக்கப்படி மேலே இழுக்கும், கழலாது, ஓட்டுபவர் வண்டியோடு மரம் விழுவதுபோலப் பக்கவாட்டில் விழுவார். கை ஊன்றினால் மணிக்கட்டு, ஊன்றாவிட்டால் தோளெலும்பு. வேடிக்கை என்னவெனில், மணலைக் கடப்பதற்கு வேண்டிய சீரான, விட்டு விட்டு உதையாத மிதிப்பைக் கொழுவு மிதியே நன்றாகத் தருகின்றது. மணலைக் கடக்க உதவுவதும் அதுவே. கடக்க முடியாதபோது தள்ளிவிடுவதும் அதுவே.

சேறு இன்னொரு வகை. மாரி பெய்த பின்னர், உவர்நிலத்துக் களிமண்ணில் இறங்கி நான்கு அடி நடந்துவிட்டு மீண்டும் ஏறினால், சப்பாத்தின் பள்ளத்துள் களி அடைந்து கிளீற் மறைந்துவிடும். பல்லுக்குள் அது செருகாது. சில வேளை அரைகுறையாகச் செருகும்; அது இன்னும் கேடு; ஏனெனில் கழலும்போதும் அரைகுறையாகவே கழலும். சப்பாத்தை மிதிகட்டையில் இரண்டு முறை தட்டிக் களியை உதிர்த்த பின்னரே ஏறுதல் வேண்டும். இக்குறையைக் கருதி, முட்டை அடிக்கும் கருவிபோல நாற்புறமும் திறந்த அமைப்புடைய மிதிகட்டையைக் கிராங்க் பிறதர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஆக்கியது. சேறு அதில் தங்குவது குறைவு. அதன் கிளீற் பித்தளையாலானது. இரும்பைப் போல நெடுங்காலம் உழைக்காது. ஒன்றைப் பெற்றால் ஒன்றைக் கொடுக்கத்தான் வேண்டும்.

வீதியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மன்னாரின் கழுதைகளை அறியாதவர் இலர். மாலையில் மாடுகள் யாழ்ப்பாண வீதியின் நடுவே படுத்திருக்கும். எதிரே லொறி வர, முன்னே மாடு எழ, ஓட்டுபவர் திடீரென நிற்க நேரும் இடத்தில், விழுவது வீதியின் எந்தப் பக்கமாக என்பது உயிர்ப் பிரச்சினை. ஆகவே கொழுவு மிதி பூட்டியவர் முதல் நாளே வீதிக்கு வரலாகாது. வீட்டு மதிலைக் கையாற் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாத்திரம் நூறு முறை கொழுவிக் கழற்றட்டும். பின்னர் மற்றைக் கால். அதன்பின் புல் முளைத்த விளையாட்டு மைதானத்தில் மெதுவாக ஓடி, நிற்குமுன் கழற்றிப் பழகட்டும். நின்ற பின் கழற்றுவதன்று, நிற்குமுன் கழற்றுவதே பழக வேண்டியது. எப்பொழுதும் ஒரே காலை முதலிற் கழற்றி, அந்தப் பக்கமே சாயும் வழக்கத்தை உடலுக்கு ஊட்ட வேண்டும். வாகனம் இடப்பக்கம் ஓடும் இந்நாட்டில் அது இடக்காலாக இருப்பது நன்று.

தட்டை மிதி என்பது பழகுவோர்க்கும் ஏழைகளுக்கும் உரியது, கொழுவு மிதியே தேர்ந்தவர்க்கு உரியது என்ற கருத்தும் ஆராயத் தக்கது. 1996ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற் சேர்க்கப்பட்ட நெடுந்தூர மலைவண்டிப் பந்தயத்தில் ஓடுவோர் ஏறக்குறைய அனைவரும் கொழுவு மிதியினரே. ஆனால் மலைச்சரிவிலே பாய்ந்திறங்கும் பந்தயத்தில், அவுஸ்திரேலியரான சாம் ஹில் 2006, 2007, 2010ஆம் ஆண்டுகளில் உலக வீரரானது தட்டை மிதியிலேயாம். பின்னர் 2017 முதல் 2019 வரை, ஏற்றமும் இறக்கமும் கலந்த எண்டியூரோ தொடரில் மூன்று முறை அடுத்தடுத்து முதலிடம் பெற்றதும் அதே வகை மிதியோடுதான். வேண்டியபோது காலை நீட்டி ஊன்றும் சுதந்திரத்தை அவர் விடவில்லை. ஆனால் அவர் மிதித்தது றப்பர் தேய்ந்த மிதிகட்டையன்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் அகலமான தட்டு. அதன் இரு முகத்திலும் சில மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் சிறு ஊசித் திருகாணிகள். அவற்றிலே பதிந்து பிடிக்கும் மெதுவான றப்பர் அடியுடைய சப்பாத்து. இம்மூன்றும் சேர்ந்தால் பாதம் எளிதில் நழுவாது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஊசி நிற்கும் மிதிகட்டையை வெறுங்காலோடும் பாட்டாச் செருப்போடும் மிதிக்கலாகாது. நழுவினால் கணைக்காலின் தோல் உரிந்து போகும். கரையிலிருந்து ஈரக்காலோடு வருகின்ற மீன் வியாபாரிக்கு உகந்தது அகலமான றப்பர்க் கட்டை மிதிதான். பெட்டிப் பாரத்தோடு ஒரு காலை ஊன்றி நின்று வியாபாரம் செய்பவர் கொழுவு மிதியை எண்ணவே வேண்டாம். அவர் செய்ய வேண்டியது ஒன்றே: அச்சுத் தண்டு தெரியும்வரை காத்திராமல், கட்டை தேய்ந்தவுடன் மாற்றுதல்.

பாடசாலைப் பிள்ளைகளின் காரியம் இதனினும் கவனிக்கத் தக்கது. மலிவான கியர் வண்டிகளிற் பலவற்றில் வழவழப்பான பிளாஸ்டிக் மிதிகட்டையே வருகின்றது. வெள்ளைச் சப்பாத்தின் அடியும் சில மாதங்களில் வழவழப்பாகிவிடும். மழைக்காலக் காலையில் இரண்டும் சந்தித்தால் கால் நழுவும். புத்தகப் பையின் பாரம் முதுகில் இருக்க, எழுந்து நின்று மிதிக்கும் பிள்ளையின் கால் நழுவினால், விழுவது முன் பாரின் மேலாகத்தான். பெற்றோர் வண்டிக்கு மணியும் லைற்றும் வாங்கிப் பூட்டுகின்றனர். அந்தச் செலவோடு சேர்த்து, சொரசொரப்பான அகன்ற நைலோன் மிதிகட்டை ஒரு சோடியும் வாங்கினால், அதனால் வரும் காப்பு எந்தக் கொழுவு மிதியும் தரும் காப்பிலும் பெரிது. நைலோனுக்குத் துருப்பிடிக்கும் பயமும் இல்லை.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்த பின்னரும் கொழுவு மிதியே வேண்டும் என்பவர், முதலில் வாங்க வேண்டியது மிதிகட்டையை அன்று, சப்பாத்தை. சப்பாத்துப் பொருந்தாவிட்டால் மிதிகட்டை எவ்வளவு உயர்ந்ததாயினும் வீண். இரண்டு திருகாணித் துளையுடையதாய், கிளீற் பள்ளத்துள் அடங்குவதாய், இறங்கி நடக்கக்கூடியதாய் அது இருத்தல் வேண்டும். மூன்று துளையுடையது தார் வீதிப் பந்தயத்துக்கு உரியது. மணலில் இறங்குபவர்க்கு ஆகாது. பாதம் சாயங்காலத்திற் சிறிது பருத்திருக்கும் ஆதலால், அந்த நேரத்தில் அணிந்து பார்த்து வாங்குவது உத்தமம். கிளீற்றிலும் வகையுண்டு. ஷிமானோ அமைப்பில், பக்கமாகத் திருப்பினால் மாத்திரம் கழல்வது ஒன்று. பல திசையிலும் சற்று எளிதிற் கழல்வது மற்றொன்று. முன்னையது பெரும்பாலும் கறுப்பு நிறமும் பின்னையது வெள்ளி நிறமும் உடையன. புதிதாகப் பழகுவோர் பின்னையதையே கேட்டு வாங்க வேண்டும். மிதிகட்டையின் ஸ்பிரிங்கைத் தளர்த்தவும் இறுக்கவும் ஒரு சிறு திருகாணி இருக்கும். முதல் சில வாரங்களுக்கு அதை முற்றாகத் தளர்த்தி வைப்பதே அறிவுடைமை.

ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் கொழுவியாகவும் அமைந்த மிதிகட்டையும் உண்டு. கிழமை நாட்களில் சாதாரணச் சப்பாத்தோடு பாடசாலைக்கும், சனிக்கிழமையில் பயிற்சிக்கும் ஒரே வண்டியிற் செல்லும் மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. எந்த முகம் மேலே இருக்கின்றது என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருப்பது மாத்திரமே அதன் தொல்லை.

முழங்காலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தட்டை மிதியில் பாதம் தனக்கு இயல்பான கோணத்தில் நிற்கின்றது. சிலருக்கு விரல்கள் சிறிது வெளியே பார்க்கும், சிலருக்கு நேராக. கொழுவு மிதியிலோ பூட்டிய கோணத்திலேயே நிற்க வேண்டும். பிழையாகப் பூட்டினால், ஆயிரக் கணக்கான சுற்றுக்களின் முறுக்கமும் முழங்காலிற் சேரும். பாதத்தின் முன்பந்து, அதாவது பெருவிரலின் அடி மூட்டு, மிதிகட்டையின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே வருமாறும், உயரமான கதிரையில் கால் தொங்க அமரும்போது பாதம் இயல்பாக நிற்கும் கோணத்திலேயும் கிளீற்றைப் பூட்டுக. ஓடிய பின் முழங்காலின் உட்புறமோ வெளிப்புறமோ நோவு தோன்றினால், பழகப் பழகச் சரியாகும் என்று பொறுத்திராமல் கோணத்தைச் சிறிது மாற்றுதல் வேண்டும்.

விடத்தல்தீவு போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். கிளீற்றும் அதன் திருகாணியும் எஃகு; இருப்பதோ சப்பாத்தின் அடியில், ஈரத்தோடு. இரண்டு மாரி கவனியாது விட்டால் திருகாணித் தலையின் குழி துருவால் நிரம்பி, அலன் சாவி பிடிக்காமற் போகும். கிளீற் தேய்ந்து மாற்ற வேண்டிய நாளில் சப்பாத்தையே எறிய நேரிடும். பூட்டும்போதே திருகாணிப் புரியில் கிறீஸ் பூசி, உவர்நீர் பட்ட நாளில் நன்னீரால் கழுவி, சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பூட்டினால் இத்தொல்லை இல்லை. கிளீற்றின் திருகாணி தளர்ந்திருப்பதும் பெருங்கேடு. காலைத் திருப்பும்போது சப்பாத்துத் திரும்பும், கிளீற் மாத்திரம் மிதிகட்டையோடு நின்றுவிடும், கால் கழலாது.

எந்த மிதிகட்டையானாலும் கடையில் வாங்குமுன், பழையதைக் கழற்றிக் கையிற் கொண்டு செல்க. பெரும்பாலான வண்டிகளில் அச்சின் புரி 9/16 அங்குலம். ஒரே இரும்புத் தண்டை வளைத்துச் செய்த கிராங்குடைய சில சிறுவர் வண்டிகளில் அது 1/2 அங்குலம். ஒன்றுக்கொன்று பொருந்தா.

கழற்றும்போது பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. வலப்பக்க மிதிகட்டைக்கு வழக்கமான புரி, இடப்பக்கத்துக்கு எதிர்ப்புரி. விமானம் கண்ட ரைட் சகோதரர் சைக்கிள் வியாபாரிகளாக இருந்த காலத்தில், 1900ஆம் ஆண்டளவிலே, தம் வண்டிகளில் இம்முறையைக் கைக்கொண்டிருந்தனர். காரணத்தை நேயர்கள் ஒரு பென்சிலால் அறியலாம். இடக்கையைத் தளர்வாகப் பொத்தி, அதன் துளையில் பென்சிலைச் செருகி, மேல்முனையை விரலால் வட்டமாகச் சுற்றுக. வட்டம் ஒரு திசையிற் போக, பென்சில் தன்னைத்தானே எதிர்த்திசையில் உருட்டிக்கொள்ளும். காலின் பாரம் கிராங்கின் துளையைச் சுற்றிச் சுற்றி வரும்போது அச்சும் அவ்வாறே மெல்ல உருள முயல்கின்றது. அந்த உருட்சி இறுக்கும் திசையாக அமைய வேண்டுமானால், இடப்பக்கத்துக்கு எதிர்ப்புரிதான் வேண்டும்.

இதைப் பாடமாக வைத்திருக்காதவரும் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். வண்டியின் எந்தப் பக்கம் நின்றாலும், ஸ்பனரின் கைப்பிடியை மேலே நிறுத்தி, முன்சில்லை நோக்கித் தள்ளினால் மிதிகட்டை இறுகும். பின்சில்லை நோக்கி இழுத்தாற் கழலும்.